கடலோர மனையும் வீடும்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்பிருந்து கான்கிரீட் போடும் நாள் வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது சென்ட் என்ன விலை என்பதை. அடுத்த கேள்வி, கடல் எவ்வளவு தூரம். “நடந்தே போயிடலாம் சார், நூத்தம்பது மீட்டர்தான்” என்று தரகர் பெருமையாகச் சொன்னால், அந்த இடத்தில் வெளியூர்க்காரர் வீடு கட்ட முடியாது என்றுதான் பெரும்பாலும் பொருள். பணம் போட்டவர்களில் பலர் இதைத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

உள்நாட்டு மனைக்குப் பத்திரத்தில் தொடங்குவார்கள். கடலோர மனைக்கு வரிசை வேறு. முதலில் கோடு, அதாவது கடலிலிருந்து எவ்வளவு தூரம் வரை கட்டுப்பாடு என்ற எல்லை, அப்புறம் பத்திரம், அப்புறம் மண், கடைசியில்தான் வீட்டுப் படம். பத்திரம் சுத்தமாக இருந்தும் கோட்டுக்கு உள்ளே மாட்டிய மனை வெறும் மணல்தான். தமிழ்நாட்டின் 14 கடலோர மாவட்டங்களில் எங்கே வாங்கினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கோடு எங்கே ஓடுகிறது

1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரியில் வந்தது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. எல்லோரும் சி.ஆர்.இசட். என்றே சொல்வார்கள். 2011 ஜனவரியில் அதைப் புதிதாக எழுதினார்கள், 2019 ஜனவரியில் மறுபடியும் எழுதினார்கள். 2019 விதி ஒரு பகுதியில் நடைமுறைக்கு வர, அதன்படி வரைந்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அதுவரை 2011 விதிதான் செல்லும். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இந்த ஊருக்கு இன்றைக்கு நடப்பில் இருப்பது எந்த ஆண்டு விதிப்படி வரைந்த வரைபடம்?” புதிய விதியில் தளர்வு வந்துவிட்டது என்று செய்தித்தாளைக் காட்டி விற்பவர்களிடம் இதை மட்டும் கேட்டால் போதும், பேச்சு குறையும்.

அளவு தொடங்குவது உயர் அலைக் கோட்டிலிருந்து. அலுவலகத்தில் எச்.டி.எல். என்பார்கள். இன்று அலை வந்து நனைக்கிற இடத்தை அந்தக் கோடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் நீர் ஏறக்கூடிய உயர்ந்த எல்லையை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வரையறுத்து வரைபடத்தில் குறித்திருக்கும். அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட். உப்பங்கழி, முகத்துவாரம், ஓதம் ஏறும் ஆறு இவற்றின் கரையிலும் இது உண்டு. 2011 விதியில் 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019-ல் அந்த 100 என்பது 50 ஆனது. ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று நம்பி முட்டுக்காடு, மரக்காணம் மாதிரிக் கழியோரத்தில் வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மண்டலத்துக்குள் நான்கு வகை. ஒன்று: அலையாத்திக் காடு, மணல்மேடு, சதுப்பு, ஆமை முட்டையிடும் கரை போன்றவை. இங்கே வீட்டுப் பேச்சே எடுக்க வேண்டாம். இரண்டு: ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதி. அங்கே முன்பே உள்ள சாலை அல்லது அனுமதி பெற்ற கட்டடத்துக்கு நிலப்பக்கமாக மட்டும் கட்டலாம். மனைக்கு முன்னால் கடல் தெரிகிறது, நடுவில் சாலையோ பழைய அனுமதிக் கட்டடமோ இல்லை என்றால் அங்கே கட்ட வழியில்லை. கடல் பக்கம் புதிதாக ஒரு தார்ச்சாலையைப் போட்டுவிட்டு, “இப்போ சாலைக்கு இந்தப் பக்கம்தானே” என்று காட்டுவது பழைய தந்திரம், செல்லாது. நான்காவது நீர்ப்பரப்பு.

மூன்றாவது வகைதான் கிராமப்புறக் கடற்கரை. மனை விற்பனை அதிகம் நடப்பதும் வழக்கு அதிகம் வருவதும் இங்கே. 2011 விதிப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டக் கூடாத பகுதி. அதற்குள் அனுமதியோடு ஏற்கெனவே நிற்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், அதே தளப்பரப்பில் மறுபடி கட்டலாம், அவ்வளவே. 100 முதல் 200 மீட்டர் வரை மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தாருக்கு வீடு கட்ட இடம் விட்டிருக்கிறார்கள். அதுவும் அரசு தயாரிக்கும் முழுத் திட்டத்துக்கு உட்பட்டே. 2019 விதி இந்தக் கிராமப்புற வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் பகுதியில் கட்டக் கூடாத தூரம் 50 மீட்டர், மற்ற இடங்களில் பழையபடி 200.

சரி, 200-ஐத் தாண்டிவிட்டால் யாரும் கட்டலாமா? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். 200 முதல் 500 மீட்டர் வரை வீடு கட்டுவதை, பாரம்பரிய உரிமைக்கும் வழக்கமான பயன்பாட்டுக்கும் உட்பட்ட குடியிருப்புகளுக்கு, அதாவது இருக்கிற மீனவ கிராமம், ஊர்க் குடியிருப்பு போன்றவற்றுக்கு என்றுதான் விதி சொல்கிறது. உயரம் 9 மீட்டருக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். ஆகவே சவுக்குத் தோப்பை வெட்டி ‘பீச் என்க்ளேவ்’ என்று பலகை நட்ட புது மனைப்பிரிவும் நூறு வருடக் குடியிருப்புக்குள் இருக்கும் மனையும் ஒரே தூரத்தில் இருந்தாலும் விதிக்கு முன்னால் சமமில்லை.

இன்னொரு கண்ணி: மீனவர் வீட்டையே விலைக்கு வாங்குவது. முறையான அனுமதி இல்லாமல் கட்டிய மீனவர் வீடுகளை ஒழுங்குபடுத்த 2011 அறிவிக்கை வழி செய்தது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, பாரம்பரியக் கடலோரச் சமூகம் அல்லாதவருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனையோடு. “ஊர்க்காரர் வீடு, அனுமதி இருக்கு, அப்படியே வாங்கி இடிச்சுக் கட்டிக்கலாம்” என்பார்கள். அந்த அனுமதி உங்களோடு வராது.

எப்படிச் சரிபார்ப்பது? மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் இணையதளத்தில் வரைபடத் தாள்கள் உண்டு. பொதுத் தாள் 1:25,000 அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர், பேனா முனை தடிமனே ஒரு மனையை விழுங்கிவிடும். அதை வைத்துத் தோராய முடிவு மட்டும் எடுங்கள். புல எண்ணோடு பொருத்திப் பார்க்க 1:4000 அளவில் வரைந்த கிராம வரைபடம் வேண்டும். கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அளப்பதாக இருந்தால், தண்ணீர் விளிம்பிலிருந்து அளக்காமல் அடம்புக் கொடியும் ராவணன் மீசையும் படரத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்து, மேலும் 30 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் 500-க்கு உள்ளே வந்தால், புல எண், உட்பிரிவு எண் போட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இழுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு. விளிம்பில் நிற்கும் மனை என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வரைபடம் தேவைப்படும். செலவு கொஞ்சம் ஆகும், மனை விலையோடு ஒப்பிட்டால் தூசு.

உள்ளாட்சி அனுமதி கையில் இருந்தால் பயமில்லை என்று யாராவது சொன்னால் கொச்சி மரடை நினைவுபடுத்துங்கள். உள்ளாட்சி அனுமதி கொடுத்து, மக்கள் குடியேறி வாழ்ந்துகொண்டிருந்த அடுக்குமாடி வளாகங்கள் நான்கை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். காரணம் சி.ஆர்.இசட். மீறல்.

தூரத்தைத் தவிர வேறு கோடுகளும் ஊடே ஓடும். மாமல்லபுரத்தில் தொல்லியல் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குத் தனி அனுமதி. கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களைச் சுற்றி மக்கள்தொகை பெருகாமல் இருக்கத் தனிக் கட்டுப்பாடு. சென்னையின் தென்கடற்கரையில் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி என்று பெருநகரத் திட்டத்தில் குறித்த இடங்களில் கட்டும் பரப்புக்குக் கட்டுப்பாடு அதிகம். நில உபயோகச் சான்று வாங்கினால் மனை எந்தப் பகுதியில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

பத்திரம்: கடலோரத்துக்கே உரிய கண்ணிகள்

தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் எல்லா மனைக்கும் பொது, அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். கடலோரத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது அ-பதிவேடு, அதாவது ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு. விற்பவர் பெயரில் பட்டா இருந்தாலும், அந்தப் புல எண் அ-பதிவேட்டில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது? புறம்போக்கு, உப்பளம், கழுவெளி, ஓடை, சுடுகாடு, மேய்ச்சல் என்று ஏதாவது எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பஞ்சமி நிலம் செங்கல்பட்டுப் பக்கம் நிறைய. 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கியது, மற்றவர் பெயருக்கு எத்தனை கை மாறியிருந்தாலும் உரிமை நிற்காது. ஒப்படைப் பட்டா, அதாவது அரசு நிபந்தனையோடு ஒதுக்கிக் கொடுத்த நிலம் என்றால் விற்கக் கூடாத காலம் முடிந்ததா என்று நிபந்தனையைப் படியுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்களும் அரசும் கட்டிக்கொடுத்த வீடுகளிலும் இந்த மாதிரி நிபந்தனைகள் உண்டு.

புலப்படத்தை எடுத்து, தாலுகா சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றச் சொல்லுங்கள். கடற்கரையில் எல்லைக் கல் மணலில் புதைந்திருக்கும், அல்லது அரிப்பில் போயிருக்கும். பத்திரத்தில் 10 சென்ட், அதாவது 4356 சதுர அடி என்று இருக்கும், தரையில் மூன்று சென்ட்டைக் கடல் எப்போதோ எடுத்திருக்கும். கடல் எடுத்ததற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று ஒன்று கிடையாது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுப்பது நகர் ஊரமைப்பு இயக்ககமும் சென்னைப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும்தான். ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவு செய்யப் பத்திரப்பதிவுச் சட்டம் 22-அ பிரிவு தடை போடுகிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கும் வரன்முறைத் திட்டமும் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணை இணையத்தில் போட்டுப் பாருங்கள். இந்த எல்லா எண்ணும் சரியாக இருந்தாலும் சி.ஆர்.இசட். தனி. ஒன்றைக் காட்டி மற்றொன்றை முடித்துவிட முடியாது.

மண்ணையும் கரையையும் படிப்பது

மனையை வெயில் காலத்தில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை விட்ட மறுநாள் போனால், தெரு எந்தப் பக்கம் வடிகிறது, எந்த மனையில் தண்ணீர் தேங்குகிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரியும். அந்த ஊர் வயதானவர்களிடம் இரண்டே கேள்வி: சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது, மழை வெள்ளத்தில் எதுவரை நின்றது. பழைய கோயில் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். கடற்கரை ஊர்களில் பழைய குடியிருப்பு பெரும்பாலும் மணல்மேட்டின் மேல் அல்லது அதன் முதுகுப் பக்கம் இருக்கும். இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளமாகக் கிடக்கும் இடம்தான் கடைசியில் மனையாக விற்பனைக்கு வரும். மணல்மேட்டை வெட்டிச் சமன் செய்த மனைப்பிரிவு இரண்டு வகையில் கெட்டது. மேட்டைக் கலைப்பது சட்டப்படி தடை. மேடு போனால் புயல் அலைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

கரை அரிக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய விதி உண்டு. சோழமண்டலக் கடற்கரையில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகர்கிறது, வாடைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். எனவே துறைமுகமோ, கடலுக்குள் நீட்டிய கல் சுவரான தூண்டில் வளைவோ, முகத்துவாரத்தில் கல் கொட்டிய சுவரோ வந்தால் அதன் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தின்னப்பட்டது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரத்துக் கடற்கரை மணலை இழந்தது. ஆகவே மனைக்குத் தெற்கே சில கிலோமீட்டருக்குள் கல் கட்டுமானம் இருக்கிறதா, புதிதாக வரப்போகிறதா என்று மீன்வளத் துறையிடமும் மீனவர்களிடமும் கேளுங்கள். பாக் நீரிணைக் கரையில், அதாவது வேதாரண்யத்துக்குத் தெற்கே, இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

செயற்கைக்கோள் படங்களில் பழைய ஆண்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுப் படங்களில் ஏதாவது அசையாப் பொருளிலிருந்து, கோயில் சுவர் அல்லது கலங்கரை விளக்கத்திலிருந்து, செடி படரும் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். ஒவ்வோராண்டும் ஒரே மாதத்துப் படத்தை எடுங்கள், இல்லாவிட்டால் பருவ மாற்றத்தை அரிப்பு என்று தப்பாகப் படிப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு மீட்டர் குறைந்தாலே அந்த மனையை விட்டுவிடலாம்.

மண் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். மேலே மணல் தெரிந்தாலும் கழியோரத்தில் ஆறு, எட்டு அடிக்குக் கீழே உவர்க் களி கிடக்கும், அதில் சாதாரண அடித்தளம் ஒருபக்கமாக இறங்கும். தாங்குதிறனோடு, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குளோரைடு, சல்பேட் அளவையும் கேட்டு வாங்குங்கள், ஆய்வகம் தானாகக் கொடுக்காது. சுத்த மணலில் அடித்தளம் தோண்டும்போது பக்கச் சுவர் சரியும், ஊற்று வந்தால் இன்னும் மோசம். அதனால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடித்தளத்தை முடித்துவிடுவது நல்லது. வாடைக்கு முன் பிளின்த் பீம், அதாவது தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்தரம் போட்டு, உள்ளே மண் நிரப்பி இறுக்கிவிட வேண்டும்.

அனுமதி

சி.ஆர்.இசட். எல்லைக்கு வெளியே என்றால் மற்ற ஊர்களைப் போலத்தான்: 2019 தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், ஒற்றைச் சாளர இணையதளம், பதிவு பெற்ற பொறியாளர். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீட்டுக்கு உடனடி அனுமதி கிடைக்கிறது. மனை கடற்கரை மண்டலத்துக்குள் இருப்பதை மறைத்து அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். சுயசான்றில் பொய் சொன்னதற்குப் பொறுப்பு உங்களுடையது.

மண்டலத்துக்கு உள்ளே என்றால், 2011 விதிப்படி கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகே திட்ட அமைப்பு அனுமதி தர முடியும். சொந்தக் குடியிருப்புக்கான, 300 சதுர மீட்டருக்கு மிகாத வீட்டை உள்ளாட்சியே சி.ஆர்.இசட். விதியோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுமதிக்கலாம் என்று 2019 விதி எளிதாக்கியது. கோப்பில் இருக்க வேண்டியவை: கிரயப்பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, உயர் அலைக் கோடும் 200, 500 மீட்டர்க் கோடுகளும் குறித்த 1:4000 வரைபடம், கட்டடப் படம், கழிவுநீர் எங்கே போகிறது என்ற விவரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற விவரம். பெரும்பாலான கோப்புகள் திரும்பி வருவது கடைசி இரண்டு இல்லாததால்.

9 மீட்டர் உயரத்தை வீட்டுப் படம் போடும்போதே கணக்கில் வையுங்கள். தரைமட்டம் 1 மீட்டர் உயர்த்தி, ஒரு தளத்துக்கு 3.2 மீட்டர் வீதம் இரண்டு தளம் என்றால் 7.4 ஆகிவிட்டது. மொட்டை மாடிப் படிக்கட்டுக் கூண்டு 2.4 சேர்த்தால் 9.8. அந்தக் கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் உயரத்தில் சேருமா சேராதா என்று வாதாடுவதைவிட, தளத்தை 3 மீட்டராக்கி, படிக்கட்டை வெளியே திறந்தவெளியில் கொடுத்துவிடுவது எளிது.

கான்கிரீட்: இரும்பு துருப்பிடிக்காமல் காப்பதுதான் வேலை

கடற்கரை வீடு கட்டி பத்து வருடத்தில் பால்கனி அடியில் கீறல், அப்புறம் காரை உரிந்து கம்பி தெரிவது, இதைக் காற்றின் குற்றம் என்பார்கள். உண்மையில் குளோரைடு உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டுகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கும், குளோரைடு அதை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் உள்ளிருந்து வெடிக்கிறது. எனவே இரண்டு வேலை: உப்பை உள்ளே கலக்காமல் இருப்பது, வெளியிலிருந்து வருவதைத் தாமதப்படுத்துவது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் ‘கடுமை’ என்றும், கடல்நீர்த் தெறிப்பு படும் பரப்பை ‘மிகக் கடுமை’ என்றும் பிரிக்கிறது. கடுமைக்குக் குறைந்தது எம்30 கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்), கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல், கம்பிக்கு மேல் காப்பு 45 மில்லிமீட்டர். மிகக் கடுமைக்கு எம்35, 340 கிலோ, 50 மில்லிமீட்டர். மேஸ்திரி வழக்கமாகக் கலக்கும் 1:1½:3 எம்20தான், அது இங்கே ஆகாது. கலவை வடிவமைப்பு செய்து வாங்குங்கள், முடிந்தால் ரெடிமிக்ஸ். சைட்டிலேயே கலந்தால் 0.45 என்பது ஒரு மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர், அதிலும் மணலில் இருக்கும் ஈரத்தைக் கழிக்க வேண்டும். ஆட்கள் வாளிக் கணக்கில் ஊற்றினால் 30 லிட்டர் சுலபமாகத் தாண்டும். இளக்கம் வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் ரசாயனம் சேருங்கள்.

45 மில்லிமீட்டர் காப்பு என்று எழுதிவிட்டு 5 அங்குல ஸ்லாப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 125-லிருந்து காப்பு 45-ஐயும் கம்பியின் பாதித் தடிமன் 5-ஐயும் கழித்தால் சுமை தாங்க மிஞ்சும் ஆழம் 75 மில்லிமீட்டர். ஸ்லாப் தொய்யும். காப்பு கூடினால் தடிமனும் 150-க்குக் கூட வேண்டும், அதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் மாற்ற வேண்டும். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஓடு, ஜல்லித் துண்டு வைத்துச் சமாளிக்க விடாதீர்கள். அதே கான்கிரீட் தரத்தில் வார்த்த கட்டைகளை மீட்டருக்கு ஒன்றாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டுக் கம்பியின் வால் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு பலகையைத் தொட்டால் உப்புக்கு அதுவே வழி, உள்பக்கமாக மடக்க வேண்டும்.

கடற்கரை மணலைக் கழுவினால் சரியாகிவிடும் என்பதை நம்ப வேண்டாம், எம்.சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்த மணல் வாங்குங்கள். தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கூடாது. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடைத் தனியாகச் சொல்லாது, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் மே மாதம் தேறினாலும் ஆகஸ்டில் உவர்க்கலாம், எனவே ஸ்லாப் போடும் வாரத்தில் மறுபடி பாருங்கள். சிலர் கான்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, நீராற்றுவதற்கு உப்புத் தண்ணீரை அடிப்பார்கள். இளங்கான்கிரீட் அதைத்தான் முதலில் குடிக்கும். இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் குளோரைடு ஊடுருவலை நன்றாகத் தடுக்கும், ஆனால் மெதுவாக இறுகும், 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். கம்பியை மணல் மேல் போடாமல் மரக்கட்டை மேல் அடுக்கித் தார்ப்பாய் மூடுங்கள். ஒரு மாதம் உப்புக் காற்றில் கிடந்த கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவாமல் கட்டாதீர்கள்.

காற்று

சென்னைக்கு வடிவமைப்புக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். தானே, வர்தா, கஜா மூன்றிலும் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும்தான் முதலில் பறந்தன. காற்று கூரையை மேலே உறிஞ்சும், ஓரமும் மூலையும் அதிகம் உறிஞ்சப்படும். ஷீட் போடுவதாக இருந்தால் ஓரங்களில் கொக்கி போல்ட்டை நெருக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்தைக் குறைத்து, சட்டத்தைக் கான்கிரீட் வளையத்தோடு பட்டை இரும்பால் கட்ட வேண்டும். கடல் பக்க ஜன்னல் உடைந்தால் உள்ளே புகும் காற்று கூரையைத் தூக்கும், எனவே அந்தப் பக்கம் பெரிய கண்ணாடிச் சுவர் வைக்கிற ஆசையைக் கட்டுப்படுத்துங்கள், அல்லது ஷட்டர் போடுங்கள். தென்னையை வீட்டிலிருந்து அதன் உயரத்துக்குத் தள்ளி நடுங்கள். வேலிக்குப் பூவரசும் புன்னையும் உப்புக் காற்றைத் தாங்கும். கைப்பிடி, கீல், போல்ட்டுக்கு 304 ரக எவர்சில்வர் கறை பிடிக்கும், 316 கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரும் கழிவும்

கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர். மேலே அரை அடி இறங்கினால் கீழிருந்து 20 அடி உப்பு ஏறும். அதனால்தான் 200 அடி போர் போட்டவர் உப்பைக் குடிக்க, பக்கத்து வீட்டுப் பழைய உறைகிணற்றில் இனிப்பாக ஊறுகிறது. 2011 விதியும் இதைத்தான் சொல்கிறது: 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பதைத் தவிர நிலத்தடி நீர் எடுக்கத் தடை. 200 முதல் 500 வரை, வேறு வழியில்லாத இடத்தில் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கலாம். மொட்டை மாடி மழைநீரை மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றிலேயே விடுங்கள். 1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் கிடைக்கும்.

மணலில் கழிவுநீர் வேகமாக ஓடும். உறை இறக்கிய குழியை செப்டிக் டேங்க் என்று சொல்லி, பத்தடியில் கிணறு வெட்டுவது பல மனைப்பிரிவுகளில் வழக்கம். அடி மூடிய, இரண்டு அறை கொண்ட தொட்டியாகக் கட்டி, ஊறல் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி, நிலத்தடி நீர் ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் வையுங்கள். 3 சென்ட் மனையில் இந்தத் தூரம் வராது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்தால் பல மனைகளில் வரவே வராது. அப்படியானால் பொதுக் கழிவுநீர் ஏற்பாடு இருக்கும் இடமாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் காலி டேங்க் மழைக்காலத்தில் மிதந்து மேலே வரும் என்பதையும் மறக்காதீர்கள், வாடைக்கு முன் சுத்தம் செய்தால் உடனே தண்ணீர் நிரப்பிவிட வேண்டும்.

ஊர்

காலியாகக் கிடக்கும் கடற்கரை காலி இடமில்லை. படகு ஏற்றும் இடம், வலை காயும் இடம், கருவாடு காயப்போடும் இடம், கரைவலை இழுக்கும் பாதை எல்லாம் ஊருக்குத் தெரியும், புலப்படத்தில் இருக்காது. சுற்றுச்சுவருக்குக் குழி தோண்டும் முன் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டு, “எந்தப் பக்கமா கடலுக்குப் போறீங்க?” என்று கேட்டு, அந்தப் பாதையைப் படத்தில் குறித்து விட்டுவிடுங்கள். பாதையை அடைத்த சுவர்களால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரையாக இருந்தால், கடல் பக்க விளக்குகளுக்குக் கீழ்நோக்கிய மூடி போடுங்கள். குஞ்சுகள் பொரிந்து முடிகிற மே மாதம் வரை அந்த விளக்குகளை இரவில் அணைத்தே வையுங்கள், வெளிச்சத்தைப் பார்த்தால் குஞ்சுகள் கடலை விட்டுத் தெருவுக்கு வரும்.